ஃபார்மட் போடும் முன் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

‘கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, திடீரென்று ஐந்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டுப் பிறகு தானாகச் சரியாகிறது, என்ன செய்யலாம்?’ தங்கள் நாளிதழின் கேள்வி–பதில் பகுதியில் ஊர்ப் பெயர் மட்டும் மாறி இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. பதிலும் மாறுவதில்லை. டெம்ப் ஃபைல்களை அழியுங்கள், வேண்டாத சாஃப்ட்வேரை நீக்குங்கள், அதற்கும் சரிவராவிட்டால் ஃபார்மட் போடுங்கள், அதாவது டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். முதல் இரண்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. மூன்றாவதுதான் வில்லங்கம். பழுது ஹார்ட் டிஸ்க்கிலோ, ஃபேனிலோ, சார்ஜரிலோ இருந்தால் ஃபார்மட் போட்ட பத்தாம் நாள் அதே மந்தம் திரும்பி வரும். டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தாலோ, பிள்ளைகளின் படங்களும் கடைக் கணக்கும் அந்த ஃபார்மட்டோடு போய்விடும்.

எந்நேரமும் மெதுவாக இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி இங்கே எழுதவில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்பில் இன்றைய இணையதளங்களைத் திறந்தால் அது திணறத்தான் செய்யும். அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். விட்டுவிட்டு வரும் மந்தம் வேறு ரகம், முறைக்காய்ச்சல் மாதிரி. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சமர்த்தாக ஓடும். கடைக்காரருக்கும் காட்ட ஒன்றும் இருக்காது. ‘எதற்கும் ஃபார்மட் போட்டுப் பார்த்துடலாம் சார்’ என்பார்.

ஆகவே மந்தம் வருகிற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் விண்டோஸிலேயே இருக்கிறது. மந்தம் வந்த பிறகு அதைத் திறக்கப் போனால் அதுவும் சேர்ந்து சுற்றும். காலையில் சிஸ்டம் போட்டதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். மந்தம் வந்த நேரம், செய்துகொண்டிருந்த வேலை, சார்ஜர் செருகியிருந்ததா, பென் டிரைவோ பிரின்டரோ மாட்டியிருந்ததா என்று நான்கே குறிப்பு போதும். ஏழெட்டு முறை எழுதுவதற்குள் ‘திடீர்’ என்பது பெரும்பாலும் காணாமல் போய்விடும். மதியம் மூன்று மணிக்கு மேல்தான் வருகிறது என்றால் முதல் சந்தேகம் சூட்டின் மேல். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் வருகிறது என்றால், யாரும் தொடாத நேரம் பார்த்து வேலையைத் தொடங்கிய வைரஸ் ஸ்கேனோ, விண்டோஸ் அப்டேட்டோ, தேடலுக்காக ஃபைல்களைப் பட்டியல் போடும் இன்டெக்ஸோ இன்னும் முடிக்கவில்லை என்று கொள்ளலாம். புதிதாக விண்டோஸ் 11க்கு மாறியவர்களுக்கு முதல் ஓரிரு நாள் இது இருக்கும்; சும்மா விட்டுவிட வேண்டும்.

இனி, டாஸ்க் மேனேஜரில் என்ன பார்ப்பது? பெரும்பாலானோர் சிபியு (கணக்குப் போடும் முக்கியச் சிப்) எத்தனை சதவீதம் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இடதுபக்கப் பட்டியலில் டிஸ்க்கைத் தட்டுங்கள். அது சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கா, தட்டில்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டியா என்று அங்கேயே போட்டிருக்கும். ‘ஆக்டிவ் டைம்’ 100 சதவீதம் என்றால் உடனே பதற வேண்டாம். அதற்குக் கீழே உள்ள இரண்டு எண்கள்தான் முக்கியம்: ஒன்று படிக்கும், எழுதும் வேகம், மற்றது ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’. 100 சதவீதத்தில் நின்று, வேகம் 80, 90 எம்பி என்று காட்டினால் ஏதோ ஒரு புரோகிராம் பெரிய ஃபைலை எடுத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க் ஒழுங்காக உழைக்கிறது. 100 சதவீதத்தில் நின்று, வேகம் சில நூறு கேபி, ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் 3,000, 5,000 மில்லி செகண்ட் என்று ஏறினால் டிஸ்க் உழைக்கவில்லை, முட்டிக்கொண்டு நிற்கிறது. நல்ல ஹார்ட் டிஸ்க் சாதாரண வேலையில் 10, 20 மில்லி செகண்டில் பதில் சொல்லும். ஒரே நேரத்தில் பத்து புரோகிராம் கேட்டால் சில நூறு வரை போவது உண்டு. ஆயிரக்கணக்கில் போவது இயல்பில்லை.

ஏன் முட்டிக்கொள்கிறது? லேப்டாப்பில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். தட்டில் ஒரு செக்டர் (தகவல் எழுதும் சிறு கட்டம்) நலிந்திருந்தால், அது அடுத்த சுற்றில் திரும்பி வரும்வரை காத்திருந்துதான் மறுபடி படிக்க முடியும். நூறு முறை முயன்றால் ஒரு நொடிக்கு மேல் போய்விட்டது. அப்படி வரிசையாகப் பத்து செக்டர் இருந்தால் மவுஸ் மட்டும் நகரும், மற்றதெல்லாம் சிலை. கடைசியில் எப்படியோ படித்துவிடும். கம்ப்யூட்டரும் ‘தானாகச் சரியாகிவிடும்’. அந்த நலிந்த இடத்தில் இருக்கும் ஃபைலை மறுபடி தொடும்வரை எல்லாம் சுகம்தான். விட்டுவிட்டு வருவதற்கான சூட்சுமம் இதுதான்.

சந்தேகத்தை உறுதி செய்ய கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ குறிப்பேட்டை அது அப்படியே காட்டும். நீலத்தில் ‘குட்’ என்று இருந்தாலும் அதோடு மூடிவிட வேண்டாம். பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளில் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது கைவிடப்பட்டவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த எண்கள் பதினாறடி எண்முறையில் வரும், 10 என்று இருந்தால் 16 என்று பொருள். இன்னொன்று: சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 வரிகளில் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிய எண் நிற்கும். அது அந்தக் கம்பெனி எண்ணை எழுதும் முறை, பழுது அல்ல. அதைக் காட்டி டிஸ்க்கை மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

சி7 என்ற வரிக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து, திரும்ப அனுப்பப்பட்ட கணக்கு அது. டெஸ்க்டாப்பில் அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஹோட்டலில் ஒரு சாப்பாட்டு விலைக்கு ஆகும் சாமான். கேபிளை மாற்றியும் எண் இறங்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். அது ஏறுமே தவிர இறங்காது. ஏறுவது நின்றுவிட்டால் வேலை முடிந்தது. கேபிளைப் பக்கத்துக் கம்பிகளோடு இழுத்து டேக் போட்டு இறுக்கும் பழக்கமும் அதன் முனை தளர ஒரு காரணம்.

என்விஎம்இ (NVMe) வகை எஸ்எஸ்டிகளில் மேலே சொன்ன வரிகள் இருக்காது. அங்கே ‘பெர்சன்டேஜ் யூஸ்டு’, ‘அவெய்லபிள் ஸ்பேர்’, ‘மீடியா எரர்ஸ்’ இவற்றைப் பார்க்க வேண்டும். விலை மலிந்த எஸ்எஸ்டிகளுக்கு வேறொரு குணம் உண்டு. எழுத வருவதை முதலில் வேகமான சிறு பகுதியில் வாங்கி வைத்து, ஓய்வில் மெல்ல உள்ளே மாற்றிக்கொள்ளும். டிஸ்க் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்துவிட்டால் அந்தச் சிறு பகுதியும் சுருங்கிவிடும். கல்யாண வீடியோவை உள்ளே ஏற்றும்போது முதல் சில ஜிபி பறந்துவிட்டு, பிறகு ஹார்ட் டிஸ்க்கைவிட மோசமாக ஊர்ந்துபோகும். நூற்றுக்கு 15, 20 பங்காவது காலியாக வைத்திருந்தால் இது அடங்கும்.

விண்டோஸும் சாட்சி சொல்லும். ஸ்டார்ட் பட்டனில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதன் கீழ் ‘சிஸ்டம்’ என்ற பகுதிக்குப் போங்கள். மந்தம் வந்த நேரத்தில் 7, 153, 129 ஆகிய எண்ணில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா? 7 என்றால் படிக்க முடியாத இடம். 153 என்றால் ஒரு கோரிக்கையைத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. 129 என்றால் டிஸ்க் பதிலே சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது. தாளில் எழுதிய நேரமும் இந்த நேரமும் பொருந்தினால் வேறு சோதனை தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிஸ்க் பழுது என்று தெரிந்ததும் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு ‘செக்டிஸ்க்’ கட்டளையை /ஆர் போட்டு ஓட்டுகிறவர்கள் அதிகம். அது ஒவ்வொரு செக்டரையும் தொட்டுப் படிக்கும். நலிந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் அடித்து ஓட்டினால் மிச்சமிருக்கும் உயிரும் போகலாம். முதலில் காப்பி, பிறகுதான் மற்றதெல்லாம். காப்பியிலும் ஒரு வரிசை உண்டு: டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) டேட்டா ஃபோல்டர், டாக்குமென்ட், படங்கள், கடைசியாகத்தான் சினிமாவும் பாட்டும். மொத்த டிரைவையும் ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டால் நலிந்த ஒரு ஃபைலில் மாட்டி எல்லாம் நின்றுவிடும். டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று தட்டும் சத்தம் வந்தால் காப்பியும் எடுக்கக் கூடாது. உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் போக வேண்டும்.

டிஸ்க் சரியாக இருக்கிறது என்றால் அடுத்தது சிபியு பக்கம். அங்கே சதவீதத்தைவிட ‘ஸ்பீட்’ என்ற எண்ணைப் பாருங்கள். ‘பேஸ் ஸ்பீட்’ 1.80 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்க, வேலை நெரிக்கும் நேரத்தில் ஸ்பீட் 0.78, 0.39 என்று கிடந்தால் சிபியுவை ஏதோ ஒன்று பிரேக் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பெரும்பாலும் அது சூடு. சிபியு 95, 100 டிகிரி செல்சியஸை எட்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆறியதும் ஏற்றிக்கொள்ளும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘தெர்மல் த்ராட்லிங்’ என்ற வரியில் ‘யெஸ்’ என்று வந்தால் ஐயமே இல்லை.

நம் ஊர் கோடையில் அறையே 38 டிகிரி இருக்கும்போது உள்ளே ஆறுவதற்கு இடமேது என்பது உண்மைதான். ஆனால் அதே அறையில் போன வருடம் ஓடியதே! லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றி, ஃபேனையும் தூக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். ஃபேனுக்கும் செம்பு ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திண்டு படிந்திருக்கும். தூசும் நூலும் முடியும் சேர்ந்து பஞ்சுமெத்தை போலத் திரண்டது. திருப்பூர் மாதிரி பஞ்சு பறக்கும் ஊர்களில் வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அந்தத் திண்டு உள்நோக்கித் தள்ளப்பட்டு ஃபேனிலேயே சிக்கும். ஃபேனைக் கழற்றி, திண்டை இடுக்கியால் ஒரே துண்டாக எடுப்பதுதான் முறை. புளோயர் அடிப்பதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

ஹீட் சிங்க்கைக் கழற்றினால் சிபியுவின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு துவரம் பருப்பு அளவு வைத்தால் போதும். ஸ்க்ரூக்களின் அருகில் 1, 2, 3, 4 என்று எண் அச்சிட்டிருக்கும். அந்த வரிசையில், ஒரேயடியாக இறுக்காமல் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இன்டெல் சிபியுவோடு வரும் ஃபேன் நான்கு பிளாஸ்டிக் குமிழ்களால் போர்டில் நிற்கும். அதில் ஒன்று கழன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் ஃபேன் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மெயில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, பெரிய எக்ஸெல் ஃபைலோ ஃபோட்டோஷாப்போ திறந்தால் படுத்துவிடும். நான்கையும் ஒரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள்.

லேப்டாப் சில்லென்று இருக்கிறது, ஆனாலும் வேகம் 0.4இலோ 0.8இலோ ஆணி அடித்தாற்போல நிற்கிறது என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சில லேப்டாப்புகளின் சார்ஜர் முனையில், நடுவே ஊசி போல ஒரு மெல்லிய கம்பி இருக்கும். மின்சாரம் அதில் வருவதில்லை. ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஊசி வளைந்தாலோ, உள்ளே ஒடிந்தாலோ, டூப்ளிகேட் சார்ஜராக இருந்தாலோ லேப்டாப்புக்கு அந்த விவரம் போய்ச் சேராது. எதற்கு வம்பு என்று அது வேகத்தைக் குறைத்துவிடும், பேட்டரியையும் ஏற்றாது. ஒயர் அசைந்தால் தொடர்பு வரும், போகும். மந்தமும் கூடவே வரும், போகும். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் அடாப்டர் எத்தனை வாட் என்ற இடத்தில் ‘அன்நோன்’ என்று இருந்தால் இதுதான் காரணம். இதற்கு ஃபார்மட் போட்டு என்ன பயன்?

ராம் (ஓடும் புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் மெமரி) பற்றாக்குறையும் டிஸ்க் பழுதுபோல வேஷம் போடும். இடம் பற்றாதபோது விண்டோஸ் ராமில் இருப்பதை டிஸ்க்குக்கு இறக்கி ஏற்றும். டிஸ்க் 100 சதவீதம் காட்டும். பழி டிஸ்க் மேல் விழும். மெமரி பக்கத்தில் ‘கமிட்டட்’ என்ற எண்ணைப் பாருங்கள். 11.6/12 என்பது போல இரண்டு எண்ணும் முட்டிக்கொண்டு நின்றால் குற்றவாளி ராம்தான். அங்கேயே மொத்த ராம் எவ்வளவு என்றும் பாருங்கள். 8 ஜிபி போட்ட கம்ப்யூட்டர் 4 ஜிபி காட்டினால் ஒரு ராம் ஸ்லாட்டில் தளர்ந்திருக்கிறது. கழற்றி, தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூசு தட்டி மறுபடி ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள்.

‘தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிடுகிறோமே’ என்பார்கள். சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ பாருங்கள், 23 நாள் என்று இருக்கும்! விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்த புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் அடித்தளத்தையும் டிரைவர்களையும் (பிரின்டர் போன்ற சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, காலையில் அதையே எடுத்து விரிக்கும். ஒரு டிரைவர் துளித்துளியாக ராமைத் தின்றுகொண்டிருந்தால் அந்தக் கடனும் மறுநாளுக்கு வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு ரீஸ்டார்ட் என்ற வழக்கத்தால் தீரும் கேஸ்கள் ஏராளம்.

அலுவலகங்களில் மட்டும் வரும் ஒன்று. ‘ஓபன்’ அல்லது ‘சேவ்’ கொடுத்ததும் அந்தச் சின்ன ஜன்னல் அரை நிமிடம் உறைந்து நிற்கும், மற்றபடி எல்லாம் சரியாக இருக்கும். பக்கத்து மேஜை கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இசட் டிரைவ் என்று இணைத்திருப்பார்கள். அந்த மேஜைக்காரர் அன்று லீவு. இல்லாத கம்ப்யூட்டரைத் தேடித் தேடி உங்கள் கம்ப்யூட்டர் காத்திருக்கிறது. லேன் கேபிளை உருவிப் பார்த்து, ஜன்னல் சட்டென்று திறந்தால் உறுதி. அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டால் போதும்.

கடைசியாக, காசு கொடுக்காமல் விண்டோஸை ஓட்டவைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்ட கம்ப்யூட்டர்கள். சும்மா இருக்கும்போது ஃபேன் இரைகிறது. என்னவென்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அடுத்த நொடி அமைதி, சிபியு 3 சதவீதம். மூடினால் மறுபடி இரைச்சல். டாஸ்க் மேனேஜர் திறப்பதைக் கண்டதும் பதுங்கும் கிரிப்டோ மைனர்கள், அதாவது உங்கள் கம்ப்யூட்டரைத் திருட்டுத்தனமாக உழைக்கவைத்து வேறொருவருக்கு டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் புரோகிராம்கள், உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்தே வைத்த நாட்களில் மட்டும் மந்தம் வரவில்லை என்று உங்கள் தாள் சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். சி டிரைவ் முழுவதும் அதில் விலக்கு பெற்றிருந்தால் வீட்டுச் சாவியைத் திருடன் கையில் கொடுத்தாயிற்று. அந்த விலக்கை நீக்கிவிட்டு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டலாம். ஆனால் ஃபார்மட் போடுவதற்கு உண்மையிலேயே தகுதியான கேஸ் இதுதான். அதுவும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைக் கொண்டு. பழைய ஆக்டிவேட்டர் இருக்கும் அதே பென் டிரைவால் அல்ல.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ஐந்தாறு தடவை ‘ரெஃப்ரெஷ்’ கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அது ஐகான்களை மறுபடி வரைகிறது. ராமுக்கோ சிபியுவுக்கோ அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர், பிசி பூஸ்டர் வகையறாக்களைப் போடாமல் இருந்தாலே ஒரு சுமை குறைவு. இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பதும் தவறு. ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் மாறி மாறிச் சோதித்து இழுத்தடிக்கும்.

சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் மந்த நேரத்து டாஸ்க் மேனேஜர் திரை, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரை இரண்டையும் மொபைலில் படம் பிடித்து எடுத்துப் போகலாம். கடைக்காரரின் பாதி வேலை குறையும். ‘இங்கே நன்றாகத்தானே ஓடுது’ என்ற பேச்சும் வராது. ரசீதில் ‘டேட்டாவைக் காப்பி எடுக்காமல் ஃபார்மட் போடக் கூடாது’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் இருப்பது உங்கள் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
ஈரோடு.